போர்ட் திறந்தும் சேர்வர் கிடைக்கவில்லையா? உள்ளிருந்து வெளியே சோதியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

திருகோணமலை நகரக் கடைகளிலும் உப்புவெளி, நிலாவெளித் தங்குவிடுதிகளிலும் கணக்கு மென்பொருளையோ முன்பதிவுப் பதிவேட்டையோ ஒரு வேர்ச்சுவல் மெஷினுக்குள் (வி.எம். – கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கிய இன்னொரு கணினி) வைத்து ஓடவிடுவோர் இருக்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான். சேர்வருக்கென்று தனிக் கணினி வாங்கத் தேவையில்லை. இருக்கும் கணினி பழுதானால் வி.எம். கோப்பை அப்படியே இன்னொன்றுக்கு மாற்றி ஓடவிடலாம். கிண்ணியாவிலோ கொழும்பிலோ இருந்தபடி முதலாளி அதைப் பார்க்க விரும்பும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. ரவுட்டரில் போர்ட் ஃபோர்வர்டிங் (ஒரு போர்ட்டுக்கு, அதாவது இலக்கமிட்ட வாசலுக்கு, வெளியிலிருந்து வருவதை உள்ளே உள்ள கணினிக்கு அனுப்பும் விதி) போட்டாயிற்று, ஆனால் பக்கம் திறக்கவில்லை. உடனே ரவுட்டரை ரீசெட் செய்கிறார்கள், விண்டோஸை மீண்டும் நிறுவுகிறார்கள், புது ரவுட்டருக்குக் காசு கொடுக்கிறார்கள். இவற்றில் ஒன்றுகூடப் பெரும்பாலும் தேவைப்படாது. தவறு எந்தக் கட்டத்தில் என்று கண்டுபிடிக்கும் ஒழுங்கு இருந்தால் அரை மணித்தியாலத்தில் முடிகிற வேலை இது. அந்த ஒழுங்கைத் தங்கள் வாசகர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

குழாயில் தண்ணீர் வராவிட்டால் முதலில் தாங்கியைப் பார்ப்போம். இங்கும் தொடங்க வேண்டிய இடம் வி.எம்.-இன் உட்புறம். அங்கே சேவை சரியா, அடுத்து ஹோஸ்டிலிருந்து, அதாவது வி.எம்.-ஐ ஓடவிடும் கணினியிலிருந்து கிடைக்கிறதா, அதே வை-ஃபையில் உள்ள இன்னொரு கணினியிலிருந்து கிடைக்கிறதா, கடைசியில்தான் ரவுட்டரும் வெளி இணையமும். ஒரு கட்டம் சரிவராமல் அடுத்த கட்டத்தில் கை வைக்கக் கூடாது. மூன்று இடங்களில் ஒரே நேரத்தில் மாற்றினால் எது சரியாக்கியது, எது புதிதாகக் கெடுத்தது என்று எவருக்கும் தெரியாது.

ஓர் உதாரணத்தை வைத்துக்கொள்வோம். விண்டோஸ் கணினி ஒன்றின் முகவரி 192.168.1.20. அதில் வி.எம். ஓட்டும் மென்பொருளான வேர்ச்சுவல்பொக்ஸ், அதற்குள் உபுண்டு என்ற லினக்ஸ், அதற்குள் 80 ஆம் போர்ட்டில் ஒரு வெப் சேவை. வேர்ச்சுவல்பொக்ஸ் தானாகக் கொடுக்கும் நாட் முறையில் (உள் முகவரியை மறைத்து வெளி முகவரியாக மாற்றும் முறை) உள்ளே இருக்கும் வி.எம்.-க்கு 10.0.2.15 என்ற முகவரி கிடைக்கும். அதன் கண்ணுக்குத் தெரியும் கேட்வே (வெளியே போகும் வாசல்) 10.0.2.2. இரண்டு வி.எம். ஓடினால் இரண்டுக்குமே 10.0.2.15 தான், ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நாட். அதைப் பார்த்து முகவரி மோதுகிறது என்று குழம்ப வேண்டாம். ஹோஸ்ட் பக்கப் போர்ட் மட்டும் 2222, 2223 என்று வேறுபட்டால் போதும். ஹோஸ்டிலிருந்து 10.0.2.15 ஐ பிங் செய்து (பதில் தருகிறதா என்று தட்டிப் பார்த்து), பதில் வரவில்லையே என்று நெட்வேர்க் கார்டை மாற்றிக்கொண்டிருப்பதும் வீண். இந்த முறையில் ஹோஸ்டிலிருந்து உள்ளே நேரடி வழியே கிடையாது. போட்ட ஃபோர்வர்டிங் விதி வழியாக மட்டுமே போகலாம், அதிலும் பிங் போகாது.

முதலில் வி.எம்.-க்குள் இருந்தே உலாவியில் 127.0.0.1 என்ற, கணினி தன்னையே குறிக்கும் முகவரியைத் திறந்து பாருங்கள். பக்கம் வந்தால் அது பாதிச் சோதனைதான். சேவை எந்த முகவரியில் கேட்டுக்கொண்டிருக்கிறது என்பதே முக்கியம். லினக்ஸில் எஸ்.எஸ். கட்டளை, விண்டோஸில் நெட்ஸ்டாட் கட்டளை இதைக் காட்டும். 0.0.0.0:80 என்றிருந்தால் எல்லாத் திசையிலிருந்தும் ஏற்கும். 127.0.0.1:3306 என்றிருந்தால் தனக்குள்ளேயிருந்து வருவதை மட்டுமே ஏற்கும். வெளியில் எத்தனை விதி போட்டாலும் பயனில்லை. உபுண்டுவில் நிறுவிய மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருள்கள் இரண்டும் இயல்பிலேயே இப்படித்தான் பூட்டியிருக்கும். மைஎஸ்கியூஎல்லில் பைண்ட் அட்ரஸ் என்ற வரியையும், போஸ்ட்கிரெஸில் லிஸன் அட்ரஸஸ் என்ற வரியையும் மாற்றிய பிறகு சேவையை நிறுத்தித் திரும்பத் தொடங்க வேண்டும். போஸ்ட்கிரெஸில் ரீலோட் செய்தால் மட்டும் இந்த மாற்றம் ஏறாது.

அடுத்து வி.எம்.-இன் ஃபயர்வோல் (அனுமதியில்லாத இணைப்புகளைத் தடுக்கும் மென்பொருள்). உபுண்டுவில் யு.எஃப்.டபிள்யூ. என்ற ஃபயர்வோல் இயங்கினால் 80 ஐ அனுமதிக்க வேண்டும். உள்ளே இருப்பது விண்டோஸ் என்றால் அது புதிய வலையமைப்பை 'பப்ளிக்' என்று வகைப்படுத்தியிருக்கிறதா என்று பாருங்கள். 'பிரைவேட்' வலையமைப்புக்கு மட்டும் போட்ட அனுமதி அங்கே செல்லாது.

இப்போது விதி எழுதும் சாளரம். வேர்ச்சுவல்பொக்ஸில் அந்த வி.எம்.-இன் செட்டிங்ஸில் நெட்வேர்க் பகுதிக்குள் போர்ட் ஃபோர்வர்டிங் என்று இருக்கும். ஒரு வரிசையில் ஆறு கட்டங்கள்: பெயர், புரோட்டோகோல், ஹோஸ்ட் ஐபி, ஹோஸ்ட் போர்ட், கெஸ்ட் ஐபி, கெஸ்ட் போர்ட் (கெஸ்ட் என்பது வி.எம்.). நம் உதாரணத்துக்குப் புரோட்டோகோல் டிசிபி, ஹோஸ்ட் போர்ட் 8080, கெஸ்ட் போர்ட் 80. ஹோஸ்ட் ஐபி கட்டத்தை வெறுமையாக விடுங்கள். வழிகாட்டிக் குறிப்புகளைப் பார்த்து அதில் 127.0.0.1 என்று எழுதிவிடுகிறார்கள். அப்போது ஹோஸ்ட் கணினியிலிருந்து பக்கம் அழகாகத் திறக்கும், பக்கத்து மேசைக் கணினியிலிருந்து திறக்காது. பழி ரவுட்டரின் மேல் விழும். கெஸ்ட் ஐபி கட்டமும் வெறுமையாக இருக்கலாம், வி.எம்.-க்குள் கையால் வேறு முகவரி கொடுத்திருந்தால் ஒழிய.

ஹோஸ்ட் போர்ட்டாக 80 ஐயே எடுப்பது தொல்லை. லினக்ஸ் ஹோஸ்டில் 1024 க்குக் கீழுள்ள போர்ட்டைச் சாதாரணப் பயனர் பிடிக்க முடியாது. விண்டோஸின் வெப் சேவையான ஐஐஎஸ் ஏற்கெனவே பிடித்திருக்கலாம். மைக்ரோசொஃப்டின் வி.எம். மென்பொருளான ஹைப்பர்-வி இயங்கும் விண்டோஸில் சில போர்ட் வரிசைகளை இயக்கமுறைமையே ஒதுக்கி வைத்திருக்கும். நெட்ஸ்டாட்டில் எவரும் பயன்படுத்தவில்லை என்று காட்டும் போர்ட்கூடத் திறக்க மறுத்தால் காரணம் இதுவாக இருக்கலாம். இன்னொரு எண்ணை எடுத்துக்கொள்வதே சுலபம்.

ஹோஸ்டில் 127.0.0.1:8080 ஐத் திறந்து பார்க்கும்போது பிழைச் செய்தியைக் கவனமாக வாசியுங்கள். இந்த ஓர் இடத்தில் கொடுக்கும் கவனம் மற்றெல்லாவற்றையும் விட நேரத்தை மிச்சப்படுத்தும். 'கனெக்சன் ரிஃபியூஸ்ட்' என்றால் அந்தப் போர்ட்டில் கேட்பவர் எவருமில்லை: விதி பதியவில்லை அல்லது வி.எம். ஓடவில்லை. 'டைம்ட் அவுட்' என்றால் பொதியை (வலையில் போகும் தரவுத் துண்டை) வழியில் ஏதோ ஒன்று சத்தமில்லாமல் விழுங்குகிறது, அநேகமாக ஃபயர்வோல். மூன்றாவது வகைதான் ஆட்களை ஏமாற்றுவது: இணைப்புக் கிடைக்கும், உடனே அறுந்துவிடும். உலாவி வெறும் பதில் வந்தது என்று சொல்லும், தொலைவிலிருந்து உள்நுழையும் எஸ்.எஸ்.எச். பெயர் கேட்கும் முன்பே மூடிக்கொள்ளும். நாட் முறையில் வெளியிலிருந்து வரும் இணைப்பை முதலில் ஏற்பது ஹோஸ்டில் உள்ள வேர்ச்சுவல்பொக்ஸ்தான். பிறகுதான் அது உள்ளே தட்டிப் பார்க்கிறது. உள்ளே கதவு மூடியிருந்தாலும் வெளியில் இணைப்புக் கிடைத்ததுபோலத் தோன்றுவது இதனால்தான். ஆகவே போர்ட் சோதிக்கும் தளம் 'ஓப்பன்' என்று பச்சை காட்டினால், உள்ளே சேவை சரி என்று அர்த்தமில்லை. இணைந்து உடனே அறுந்தால் ரவுட்டரை விட்டுவிட்டு வி.எம்.-க்குள் திரும்பிப் போங்கள்.

சந்தேகம் தீராவிட்டால் வி.எம்.-க்குள், வரும் போகும் பொதிகளைக் காட்டும் டிசிபிடம்ப் கருவியை ஓடவிட்டு வெளியிலிருந்து ஒருமுறை முயலுங்கள். ஒரு வரியும் ஓடவில்லையென்றால் பொதி வரவே இல்லை, குற்றம் வெளியில். 'எஸ்' கொடியுள்ள (இணைப்புக் கோரும்) வரி வந்துகொண்டே இருந்து பதில் வரி போகவில்லையென்றால் குற்றம் வி.எம்.-இன் ஃபயர்வோல். பதில் போகிறது, ஆனால் வெளியே சேரவில்லையென்றால் வி.எம்.-க்கு இரண்டு நெட்வேர்க் கார்ட் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு வழியாக வந்ததற்கு மற்ற வழியாகப் பதில் போய்க்கொண்டிருக்கும். ஹோஸ்டிலும் இதே தொல்லை வரும். ஃபைபர் இணைப்போடு, அவசரத்துக்கு என்று 4ஜி டொங்கிளும் செருகியிருக்கும் கணினிகளில் பதில் டொங்கிள் வழியாக வெளியேறிவிடலாம்.

உள்ளூர் வலையமைப்புச் சோதனையில் இன்னொரு மூலை உண்டு. விண்டோஸ் ஃபயர்வோல் அனுமதி கேட்டபோது 'அலவ்' அழுத்தியிருப்பீர்கள். அந்த அனுமதி நிரலின் பெயருக்குக் கொடுக்கப்பட்டது. திரையோடு வி.எம்.-ஐ ஓடவிடும்போது ஒரு நிரல், திரையில்லாமல் 'ஹெட்லெஸ்' முறையில் ஓடவிடும்போது வேறொரு நிரல். நேற்றுவரை திறந்த பக்கம் ஹெட்லெஸுக்கு மாற்றியதும் நின்றுபோவது இதனாலேயே. நிரலுக்குப் பதிலாக டிசிபி 8080 என்ற போர்ட்டுக்கு இன்பவுண்ட் விதி எழுதினால் இந்தக் கரைச்சல் இல்லை.

நாட் முறையின் இன்னொரு குணத்தைக் கட்டாயம் தெரிந்து வைத்திருக்க வேண்டும். எங்கிருந்து எவர் வந்தாலும் வி.எம்.-இன் கண்ணுக்கு எல்லோரும் 10.0.2.2 இலிருந்து வருவதாகத் தெரியலாம். அதனால் மைஎஸ்கியூஎல்லில் 'லோக்கல்ஹோஸ்ட்' என்று மட்டும் உருவாக்கிய பயனர் பெயர் வெளியிலிருந்து உள்நுழைய முடியாது, வி.எம்.-இன் கண்ணுக்குத் தெரியும் முகவரிக்கு அனுமதி எழுத வேண்டும். போஸ்ட்கிரெஸின் அனுமதிக் கோப்பிலும் அப்படியே. தவறான கடவுச்சொல் போடுபவரைத் தடுக்கும் ஃபெயில்2பேன் போன்ற கருவியை உள்ளே நிறுவினால், ஒரு திருடன் முயன்றதற்காக உங்கள் பணியாளர் எல்லோரும் தடுக்கப்படலாம். யார் வந்தார் என்ற பதிவு வேண்டியவர்கள் பிரிஜ்ட் முறைக்கு மாறுவதே நல்லது. அப்போது வி.எம். ரவுட்டரிடமிருந்து நேரே 192.168.1 வரிசையில் ஒரு முகவரி வாங்கும். வேர்ச்சுவல்பொக்ஸின் விதியே தேவைப்படாது. ஆனால் வை-ஃபை கார்டின் மேல் பிரிஜ்ட் போட்டால் சில கார்டுகளில் முகவரியே கிடைக்காது. கேபிளில் இணைத்த கணினியில் செய்யுங்கள்.

மற்ற மென்பொருள்களில் இடறும் இடங்கள் வேறு. லினக்ஸின் வி.எம். வசதியான கே.வி.எம்.-இல் வி.எம்.-கள் 192.168.122 வரிசையில் இருக்கும். டிநாட் விதி (வரும் பொதியின் சேருமிட முகவரியை மாற்றும் விதி) ஒன்று மட்டும் போட்டால் போதாது. கே.வி.எம்.-ஐ நிர்வகிக்கும் லிப்வேர்ட் தன் வலையமைப்புக்குள் வெளியிலிருந்து புதிதாக வரும் இணைப்புகளை நிராகரிக்கும், அதற்கு முன்னால் நம் அனுமதி நிற்க வேண்டும். லிப்வேர்ட் மீளத் தொடங்கினால் வரிசை மாறிவிடும் என்பதால் ஹூக் ஸ்கிரிப்டில் (லிப்வேர்ட் தானாக ஓடவிடும் கட்டளைக் கோப்பில்) எழுதி வைப்பதே நிலைக்கும். வழமையான டிநாட் விதியை ஹோஸ்டிலிருந்தே சோதித்தால் வேலை செய்யாது; ஹோஸ்டில் பிறக்கும் பொதி அந்த விதியைக் கடப்பதில்லை. இன்னொரு கணினியிலிருந்து சோதியுங்கள். ஹைப்பர்-வி தானாக அமைக்கும் வலையமைப்பான டிஃபோல்ட் சுவிட்ச், ஹோஸ்ட் மீளத் தொடங்கியதும் முகவரி வரிசையையே மாற்றிவிடக்கூடியது. அதை நம்பி எழுதிய போர்ட்புரொக்சி (விண்டோஸின் ஃபோர்வர்டிங்) விதி அடுத்த நாள் காற்றில் நிற்கும். தவிர போர்ட்புரொக்சி டிசிபிக்கு மட்டுமே. யூடிபி என்ற மற்றப் புரோட்டோகோலில் ஓடும் சேவைகளுக்கு உதவாது.

இனித்தான் ரவுட்டர். இன்டர்னல் ஐபி என்ற கட்டத்தில் 10.0.2.15 என்று எழுதுவது மிகப் பரவலான தவறு. ரவுட்டருக்கு அந்த முகவரி தெரியவே தெரியாது. நாட் முறையில் அங்கே வர வேண்டியது ஹோஸ்டின் 192.168.1.20, போர்ட் 8080. பிரிஜ்ட் முறையில் வி.எம்.-இன் சொந்த முகவரி, போர்ட் 80. அந்த முகவரியை ரவுட்டரின் டிஎச்சிபி (முகவரி வழங்கும்) பகுதியில், நெட்வேர்க் கார்டின் அடையாள எண்ணான மாக் முகவரியோடு கட்டி ஒதுக்கி வையுங்கள். நம் பகுதியில் ஐப்பசி, கார்த்திகை மழையில் இடி மின்னலோடு கரண்ட் போய் வரும்போது ரவுட்டரும் கணினிகளும் ஒன்றாக எழும்பும். ஒதுக்கீடு இல்லாவிட்டால் 192.168.1.20 பக்கத்துத் தொலைபேசிக்குப் போயிருக்கலாம். அதோடு பயோஸில் மின்சாரம் திரும்பியதும் கணினி தானாக எழும்பும்படி வைத்தல், வி.எம். தானாகத் தொடங்கும்படி வைத்தல், கணினி உறக்கத்துக்குப் போகாமல் நிறுத்துதல் ஆகிய மூன்றையும் செய்துவிடுங்கள். யு.பி.எஸ். ஒன்று அவசியம், ஓடிக்கொண்டிருந்த வி.எம். திடீரென்று அணைந்தால் உள்ளிருக்கும் தரவுத்தளம் பழுதாகும் ஆபத்து உண்டு.

வெளிச் சோதனையை அதே வை-ஃபையில் இருந்துகொண்டு செய்ய வேண்டாம். உள்ளிருந்து தன் பொது முகவரிக்கே போய்த் திரும்பி வருவதைப் பல ரவுட்டர்கள் அனுமதிப்பதில்லை. கைத்தொலைபேசியில் வை-ஃபையை நிறுத்தி, டேட்டாவில் பாருங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் வெளியிலிருந்து மட்டும் வரவில்லையென்றால், ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வேன் ஐபி (ரவுட்டரின் வெளிப்பக்க முகவரி) என்ற வரியைப் பாருங்கள். பிறகு உங்கள் ஐபி எது என்று காட்டும் தளம் ஒன்றைத் திறந்து ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றானால் உங்களிடம் பொது முகவரி இருக்கிறது. வேறுபட்டு, வேன் ஐபி 100.64 முதல் 100.127 வரையான எண்களில் தொடங்கினால், நீங்கள் இணைப்புக் கம்பனியின் பெரிய நாட் ஒன்றுக்குப் பின்னால் பலரோடு ஒரே முகவரியைப் பகிர்கிறீர்கள். இந்த வரிசை 2012 இல் இதற்கென்றே ஒதுக்கப்பட்டது. ஆசிய பசிபிக் பகுதிக்கான ஐபிவி4 முகவரிகள் 2011 ஏப்ரலிலேயே கடைசித் தொகுதிக்கு வந்துவிட்டதால் இந்தப் பகிர்வு கம்பனிகளுக்குத் தவிர்க்க முடியாததாயிற்று. அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த இணைப்பில் உங்கள் ரவுட்டரில் என்ன எழுதினாலும் வெளியிலிருந்து எவரும் உள்ளே வர முடியாது. 4ஜி வீட்டு ரவுட்டர்களில் இது சாதாரணம். வேன் ஐபி 10 என்றோ 192.168 என்றோ தொடங்கினால், கம்பனி பொருத்திய பெட்டிக்குப் பின்னால் நீங்கள் வாங்கிய ரவுட்டரும் நாட் செய்கிறதா என்று பாருங்கள். அப்படியானால் இரண்டிலும் விதி வேண்டும், அல்லது முதற்பெட்டியை பிரிஜ் முறைக்கு மாற்ற வேண்டும். அப்படி இரண்டாவது பெட்டி இல்லையென்றால் இதுவும் கம்பனியின் நாட்தான்.

பகிர்ந்த முகவரிதான் என்று தெரிந்தால் வழி அடைபட்டுவிடவில்லை. வி.எம். தானே வெளியே அழைத்து ஒரு சுரங்கத்தைத் திறந்து வைத்தால் போதும். மாத வாடகைக்குப் பொது முகவரியுள்ள சிறிய சேர்வர் ஒன்றை எடுத்து, அதற்கும் வி.எம்.-க்கும் இடையில் வயர்கார்ட் (மறையாக்கிய சுரங்கம் அமைக்கும் மென்பொருள்) போடலாம். வி.எம். பக்கத்தில் பேர்சிஸ்டன்ட் கீப்அலைவ் 25 விநாடி என்று வையுங்கள். இல்லாவிட்டால் கம்பனியின் நாட் சிறிது நேரத்தில் அந்த வழியை மறந்துவிடும். டெயில்ஸ்கேல், கிளவுட்ஃபிளேர் டனல் போன்ற சேவைகளும் இதே தத்துவத்தில்தான் இயங்குகின்றன. வாடகைச் சேர்வரைப் பராமரிக்க ஆளில்லாத கடைக்கு அவை பொருந்தும்.

உண்மையில், பொது முகவரி இருப்பவர்களுக்கும் சுரங்க வழியையே சொல்வேன். விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டொப்பின் 3389 ஐ நேரே இணையத்துக்குத் திறந்து வைப்பது மிகவும் ஆபத்தானது. திறந்த போர்ட்டுகளைத் தேடும் நிரல்கள் உலகம் முழுவதையும் ஓயாமல் துழாவுகின்றன. 33890 என்று எண்ணை மாற்றினால் அவை ஏமாறாது. வெப் சேவையும் தரவுத்தளமும் சேர்ந்த தொகுப்பான எக்ஸாம்ப்பை நிறுவியபடியே விட்டால் அதன் தரவுத்தளத்தின் ரூட் பயனருக்குக் கடவுச்சொல்லே கிடையாது. மாணவர்கள் செயற்றிட்டத்துக்காகப் பயன்படுத்துவது அதைத்தான், அதே வி.எம்.-ஐ இணையத்துக்குத் திறந்தால் என்ன ஆகும் என்று ஆசிரியர்கள் செய்து காட்டவேண்டும். ரவுட்டரில் டிஎம்ஸெட் என்ற பகுதியில் கணினியின் முகவரியைப் போட்டால் உடனே வேலை செய்யும், ஏனென்றால் எல்லாப் போர்ட்டும் திறந்துவிடும். அதைச் செய்யாதீர்கள். விடுதிகளின் பதிவேட்டில் விருந்தினரின் கடவுச்சீட்டுப் பிரதிகள் இருக்கின்றன. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் கருதுவது இத்தகைய தரவைத்தான். வயர்கார்டின் யூடிபி 51820 ஒன்றை மட்டும் வெளியே திறந்து, மற்றெல்லாவற்றையும் அதன் உள்ளே வையுங்கள்.

இணைய இணைப்பு வழங்கும் கம்பனிகளிடம் ஒரு கோரிக்கை. விண்ணப்பப் படிவத்தில் இந்த இணைப்புக்குக் கிடைப்பது பொது முகவரியா, பகிர்ந்த முகவரியா என்று தமிழிலும் சிங்களத்திலும் ஒரு வரி அச்சிடுங்கள். பொது முகவரி வேறு, மாறாத முகவரி வேறு. இவற்றின் கட்டணங்களையும் தனித்தனியே குறிப்பிடுங்கள். மாறுகின்ற பொது முகவரி இருந்தாலே டைனமிக் டிஎன்எஸ் (மாறும் முகவரியை ஒரே பெயரோடு கட்டி வைக்கும் சேவை) ஒன்றோடு ஒரு சிறு கடையின் தேவை நிறைவேறிவிடும்; மாறாத முகவரிக்கு மாதந்தோறும் பணம் கட்ட வேண்டியதில்லை. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு இதைக் கட்டாயமாக்க வேண்டும். அதுவரை புது இணைப்பு எடுப்பவர்கள் கையொப்பமிடும் முன் விற்பனைப் பிரதிநிதியிடம் இதைக் கேட்டு, பதிலைப் படிவத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
கணினி வலையமைப்புப் பணியாளர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.